உதடும் வரமும்

மூன்றாவது குத்தில் செனாத்தின் மேலுதடு கிழிந்தது.

"ட்ரம்பெட் என் ரத்தத்துலயே ஊறுனதுன்னு பீத்துனியே மச்சான். அந்த ரத்தம்தான் இப்ப வருது, வாசி," என்றான் நெபோய்ஷா, குத்திய வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி.

ரத்தமெல்லாம் இல்லை, உதட்டுப் பயிற்சிதான் எல்லாம் என்பது நெபோய்ஷாவின் கட்சி. இந்தச் செர்பியக் கல்யாணத்தில் தானே வாசிக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை. வாசிக்க வந்த வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் தெரிந்தவர்கள் இவர்கள் இருவர்தான்.

செனாத் ஒரு பல்லைத் துப்பினான்.

பெண்ணின் அப்பா ரதோவன் துப்பாக்கியோடு கொட்டகைக்குள் வந்தார். "கம்பத்து உச்சியில ஆப்பிளைக் கட்டியாச்சு. மாப்பிள்ளை அதைச் சுட்டாத்தான் பொண்ணு வெளிய வரும். ட்ரம்பெட் கேக்காம அவன் சுடமாட்டான். அவன் சுடலன்னா நான் உங்களச் சுடுவேன். யாரு வாசிக்கிறது?"

செனாத் வாயைக் காட்டினான்.

"அப்ப நீ வா."

நெபோய்ஷா வலது கையை மெல்ல வெளியே எடுத்தான். பல்லில் மோதிய மூன்று விரல்களும் வீங்கிப்போய் மடங்க மறுத்தன. ட்ரம்பெட்டின் மூன்று பொத்தான்களையும் அழுத்த வேண்டியவை அவைதான்.

"உதடு நல்லாத்தான இருக்கு, வாசியேன்," என்று கிழிந்த வாயோடு சிரித்தான் செனாத்.

துப்பாக்கி இருவர் பக்கமும் திரும்பியது.

நெபோய்ஷா ஊதினான். செனாத் ஒட்டி நின்று பொத்தான்களை அழுத்தினான். மாப்பிள்ளையின் முதல் குண்டிலேயே ஆப்பிள் சிதறியது.

ரதோவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் ஆயுசுல இப்படிக் கேட்டதில்ல. உண்மையில வாசிச்சது யாருடா?"

"நான்தான்," என்றார்கள் இருவரும்.

நெபோய்ஷாவின் இடது கை மெல்ல முஷ்டியாக மடங்கியது.