தலைக்குக் குளிர்ச்சி

“இன்னும் கொஞ்சம் அழுக்கா இருக்கணும்ப்பா. ஓரத்துல பூச்சி அரிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை போடு.”

போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிக் கடைக்காரர் மனைவியை ஏற இறங்கப் பார்த்தான்.

“அக்கா, இதுல வில்லங்கம் ஒண்ணும் இல்லையே? யார் தலையில கட்டப் போறீங்க?”

“வேற யாரு, என் வீட்டுக்காரர் தலையிலதான்!”

கூசாமல் சொன்னாள். கட்டின புருஷனை ஆள் வைத்து ஏமாற்றுகிறவளை நீங்கள் வேறெங்கே பார்த்திருப்பீர்கள்?

ஆனால் அவள் பக்க நியாயத்தையும் கேட்டுவிடுங்கள். ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற அந்த மனுஷருக்குப் பழைய காலண்டர் என்றால் கண் மண் தெரியாது. சோப்பு, பிஸ்கட், தையல் மிஷின், டார்ச் பேட்டரி என்று அந்தக் காலத்துக் கம்பெனிகள் படம் போட்டுக் கொடுத்த காலண்டராகத் தேடித் தேடி வீடு முழுக்க மாட்டியாயிற்று. சுவரில் ஆணி அடிக்க இடமில்லாமல் குளியலறைக் கதவில் ஒரு பல்பொடிக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றுதான் சிக்கவில்லை. சின்ன வயதில் அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய கூந்தல் தைலக் காலண்டர். ஊஞ்சலில் நீலப் பாவாடைப் பெண், தோளில் அணில், அடியில் ‘தலைக்குக் குளிர்ச்சி’ என்று கொட்டை எழுத்து. கண்ணைக் காட்ட வருகிறவர்கள்கூட அந்த அணில் கதையைக் கேட்காமல் கடையை விட்டுப் போக முடியாது.

அதைத் தேடி வாராவாரம் பழைய பேப்பர் கடைகளில் புரண்டுவிட்டு வருவார். வந்ததும் தும்மல். பின்னாலேயே இழுப்பு. “இனிமே தூசிப் பக்கம் போனீங்கன்னா என்கிட்ட வராதீங்க” என்று டாக்டரே கையை விரித்துவிட்டார்.

“அணில் மட்டும் கிடைக்கட்டும். அப்புறம் அந்தத் திசையில தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன்,” என்பார், மூச்சு வாங்கிக்கொண்டே.

பக்கத்தில் படுத்து அந்த நெஞ்சு விசிலடிப்பதைக் கேட்கிறவளுக்குத் தூக்கம் ஏது? கிடைக்காவிட்டால் என்ன, செய்துவிட்டால் போச்சு என்று கிளம்பிவிட்டாள்.

“தேதித் தாள் வேண்டாமாக்கா?”

“அந்த வருஷமே கிழிஞ்சு போச்சுன்னு சொல்லிக்கிறேன். நீ அணிலை ஒழுங்காப் போடு, எலி மாதிரி இருக்கு!”

ஒரு வழியாக வேலை முடிந்தது.

“எங்க அக்கா வீட்டுப் பரண்ல கிடந்துச்சுங்க,” என்று கணவரிடம் நீட்டினாள்.

அவர் லென்ஸை எடுத்தார். ஊஞ்சலைப் பார்த்தார், அணிலைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அக்கா வீட்டுப் பரண்லயா?”

“ஆ... ஆமாங்க.”

“அட! இதேதான். இதே அணில்தான்!” என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படுக்கையறையில் அதை மாட்டினார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். பேப்பர் கடை நின்றது, தும்மல் நின்றது, விசிலும் நின்றது. இவ்வளவு லேசாக ஏமாறுகிற மனுஷரிடமா இத்தனை வருஷம் பயந்து குடும்பம் நடத்தினோம் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அந்தச் சிரிப்பைக் கெடுக்கவென்றே வந்து சேர்ந்தார் டார்ச்லைட். அவரும் காலண்டர் சேர்க்கிறவர். எதையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் நம்பமாட்டார், அதனால் அந்தப் பெயர்.

“எங்கே சார் உங்க பரண் புதையல்?”

“உள்ளே இருக்கு. முதல்ல காபி குடிங்க, நான் சட்டையை மாத்திக்கிட்டு வந்துடறேன்,” என்று கடைக்காரர் தன் டம்ளரையும் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனார்.

டார்ச்லைட் இவள் பக்கம் திரும்பினார். “எங்கே பார்த்தாலும் போலிம்மா. போன வாரம் ஒருத்தன் என்கிட்டயே ஒண்ணைத் தள்ளப் பார்த்தான். எழுத்தை வச்சே பிடிச்சுட்டேன்.”

“எழுத்தை வச்சா?”

“‘லை’தான் காட்டிக் கொடுத்துச்சு. இப்போ நாம ல-வுக்கு முன்னால இரட்டைச் சுழி போடறோம். அந்தக் காலத்துல சுழி ஏது? ல தலைமேலயே யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி ஒரு கொம்புதான். அந்த மடையன் புது லை எழுதி வச்சிருக்கான்! நம்ம காலண்டர் ஆளுங்க ஒருத்தர் விடாம போன் போட்டுச் சொல்லிச் சிரிச்சேன்.”

அவள் படுக்கையறைப் பக்கம் பார்த்தாள். தலைக்குக் குளிர்ச்சி. ஐயோ, தலை! ஆர்ட்டிஸ்ட் வயசுக்கு அவனுக்கு எந்த லை தெரியும்?

இந்த மனுஷன் டார்ச்சை அடித்தால் தீர்ந்தது. வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போகும். பெண்டாட்டியே ஏமாற்றினாள் என்று நாலு பேர் சிரிப்பார்கள். மறுபடியும் பேப்பர் கடை, மறுபடியும் இழுப்பு.

கடைக்காரர் புதுச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

“சர்க்கரை பத்தலை போலிருக்கு, எடுத்துட்டு வரேன்,” என்று அவள் எழுந்து படுக்கையறைக்கு ஓடினாள். படுக்கையறையில் எந்த வீட்டில் சர்க்கரை வைக்கிறார்கள் என்று நல்லவேளையாக டார்ச்லைட் கேட்கவில்லை.

கண்மை டப்பாவைத் திறந்துகொண்டு காலண்டர் முன்னால் போய் நின்றாள்.

ல-வின் தலைமேல் அழகாக ஒரு தும்பிக்கை நின்றது. முன்னாலிருந்த இரட்டைச் சுழியைக் காணோம். அந்த இடத்தில், காலம் காலமாக இருப்பதுபோல் ஒரு காபிக் கறை.

நம்ப முடியாமல் விரலை நீட்டினாள்.

“தொட்டுடாதேம்மா,” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கணவரின் குரல் கிசுகிசுத்தது. “இன்னும் காயலை.”