சல்பேட்டும் சல்பைடும்

மானேஜரின் மேஜைமேல் இரண்டு காலிச் சாக்குகளை விரித்துப் போட்டிருந்தார்கள்.

இரண்டும் ஒரே வெள்ளை. ஒரே நீல இங்கிலீஷ் எழுத்து. பேரின் வால் மட்டும்தான் வேறு. ஒன்று உப்பு, மற்றது எமன். உப்பென்று எமனை ஆசிட் தொட்டியில் கொட்டிச் செத்துப்போனான் ஒருத்தன்; அதற்குத்தான் விசாரணை.

"ரெண்டும் ஒண்ணாத்தான் சார் தெரியுது." இதுவரை வந்த ஆறு பேரும் இதையே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். யூனியன்காரர் சொல்லிக்கொடுத்த வசனம்.

சாயப்பட்டறையில் ஒருத்தனுக்கும் படிக்கத் தெரியாது என்றால், அவர்களை நம்பி ஆசிட் தொட்டியை விட்டது கம்பெனியின் குற்றம். ஒரே ஒருத்தனுக்குத் தெரியும் என்று ஆகிவிட்டாலும் நஷ்டஈடு போச்சு. அவனிடம் கேட்காமல் தொட்டியில் கொட்டியது செத்தவனின் குற்றம்.

செத்தவனின் பெண்டாட்டி சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுடைய டிபன் பாக்ஸ். அன்றைக்குத் திறக்காதது. கம்பெனி கழுவித் திருப்பிக் கொடுத்திருந்தது.

ஏழாவதாக வந்து நின்றவனுக்குப் பட்டறையில் டிக்சனரி என்று பேர். பதினோரு வருஷமாக, மகளின் பழைய அகராதியை வைத்துக்கொண்டு மூட்டைகளை எழுத்துக்கூட்டிப் படித்தவன். மரியாதைக்கு வைத்த பேரில்லை. "வாய்யா டிக்சனரி, இன்னிக்கு என்ன வார்த்தை?" என்று தினமும் கேலியை ஆரம்பித்து வைப்பவன் செத்துப்போனவன்தான்.

"உனக்காவது வித்தியாசம் தெரியுமா?" என்றார் விசாரணை அதிகாரி.

அவனும் அந்த வசனத்தையே சொல்ல வாயெடுத்தான். மானேஜர் முந்திக்கொண்டார்.

"மூட்டை தூக்குற கழுதைக்கு அதுல என்ன எழுதியிருந்தா என்ன சார்? மேஸ்திரி வேலை காலியாக் கிடக்கு. குடுக்கலாம்னா ஒரு மனுஷன் தேறல."

அவனுக்குச் சுருக்கென்றது.

"இது சல்பேட் சார். சாயம் சீராப் பிடிக்கப் போடற உப்பு. இது சல்பைடு. ஆசிட்ல விழுந்தா விஷ வாயு, ரெண்டே மூச்சு, ஆள் காலி." நிறுத்த முடியவில்லை. "குளோரைடு வேற, குளோரேட் வேற சார். ஒண்ணு சோத்துல போடறது, இன்னொண்ணு குப்புனு பத்திக்கும். பேரைப் படிக்காம நான் ஒரு மூட்டையத் தொட்டதில்ல."

அதிகாரி எழுதிக்கொண்டார். மானேஜர் தானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மேஸ்திரி."

பேனாவும் அவருடையதுதான். சொன்னதற்கெல்லாம் அடியில் அவன் கையெழுத்துப் போட்டான். ஆங்கிலத்தில், வளைவு நெளிவோடு.

ஸ்டூலிலிருந்து அப்போதுதான் குரல் வந்தது. கத்தவில்லை, அழவுமில்லை.

"அண்ணே, அன்னிக்கு அவரு தோள்ல மூட்டைய ஏத்திவிட்டது நீங்கதானே? அதையும் படிச்சுட்டுத்தான் ஏத்துனீங்களா?"

மேஸ்திரி குனிந்து, மை காய்வதற்காகக் கையெழுத்தின்மேல் ஊதிக்கொண்டிருந்தான்.