கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது

"செருப்பை அங்கேயே விடுங்கய்யா. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது" என்று கையைக் காட்டினான் தாலுகா ஆபீஸ் பியூன் தங்கையன். அவனுக்குப் பின்னால், மூடிய கதவுக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

இளையபெருமாள் மறுபேச்சில்லாமல் கழற்றினார். பழைய மிராசு குடும்பம், பட்டணத்தில் படித்தவர். இனிமேல் கம்ப்யூட்டர் சிட்டாதான் செல்லும் என்று அரசாங்கம் அறிவித்திருந்த வருஷம் அது. மறுநாள் தஞ்சாவூர் கோர்ட்டில் நில வழக்கு. சிட்டா நகல் இல்லாமல் போனால் குடமுருட்டிக் கரை நிலம் கைவிட்டுப் போய்விடும்.

வழக்கில் எதிராளியான இராஜாங்கமும் அதற்காகத்தான் வந்திருந்தான். அப்பன் காலத்தில் "ஆண்டே" என்று தள்ளி நின்ற குடும்பம். இவன் என்னடாவென்றால், "உக்காருங்க" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறான்! எந்தக் கட்சி ஆண்டாலும் உழுதவனுக்கே நிலம் என்று மேடை போட்டுப் பேசி வளர்த்துவிட்ட கொழுப்பு. இளையபெருமாள் நின்றுகொண்டே இருந்தார்.

"எப்பப்பா குடுப்பீங்க?"

"மெஷின் சூடாயிடுச்சுங்கய்யா, ஆறட்டும். சூட்டோட ஓட்டினா உள்ளே இருக்கிற சாமானுக்கெல்லாம் ஆயுசு கொறைஞ்சிடும். அதுக்குத்தானே ஏசி போட்டிருக்கு?"

கதவிடுக்கில் 'கொர்... கொர்...' என்று கேட்டது.

"அது என்னங்க சத்தம்?" என்றான் இராஜாங்கம்.

"கம்ப்யூட்டருக்குள்ளே ஃபேன் சுத்துது. சூட்டை வெளியே தள்ளுது. உனக்கெங்கே விளங்கப்போகுது?" என்றார் இளையபெருமாள்.

இராஜாங்கம் எழுந்து வந்தான். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டா கையால எழுதியே குடுத்துடுவாங்க. வாங்க, கேப்போம்."

"உன்கூட சேர்ந்து நான் கேக்கணுமா? கையால எழுதுற காலமெல்லாம் போச்சுடா. கதவோரம் நின்னு நீ விடுற மூச்சுக்காத்துலேயே மெஷின் கெட்டுப்போகும். தள்ளி நில்லு!"

இராஜாங்கம் அவரை ஒரு பார்வை பார்த்தான். "நான் மேலே, ரெவின்யூ ஆர்டிஓ ஆபீஸ்லயே கேட்டு வாங்கிக்கிறேங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தான்.

ஒழிந்தான் என்று இளையபெருமாள் இப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். இனிக் கூட்டமில்லை, வெக்கையில்லை, சீக்கிரமே ஆறிவிடும்.

வெயில் தாழ்ந்தது. ஆபீஸில் ஒவ்வொருவராகக் கிளம்பத் தொடங்கினார்கள். கதவு மட்டும் திறக்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், தங்கையன் தடுக்கத் தடுக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

குளிர் முகத்தில் அடித்தது. இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின் மேல் படுத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தாசில்தார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தார் இளையபெருமாள்.

"எங்கேடா கம்ப்யூட்டர்?"

தங்கையன் பதறிப்போய் வாயில் விரலை வைத்தான்.

"மெல்லப் பேசுங்கய்யா... இப்போதைக்கு ஏசி மட்டும்தான் வந்திருக்கு!"