இன்னொரு பார்ட்டி

“இந்த வீடும் கைய விட்டுப் போச்சுன்னா நான் எங்கங்க போவேன்? இன்னும் எட்டு மாசத்துல ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸ காலி பண்ணிக் குடுத்தாகணும்” என்றபோது நெடுமாறனின் குரல் தழுதழுத்தது. கண்ணில் நிஜமாகவே நீர் முட்டியது.

மந்தாரக்குப்பத்தில், புதுப் பெயின்ட் வாசனை இன்னும் போகாத அந்த வீட்டின் கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். விற்கிற தரப்பில் கமாலுதீன். வாங்க வந்த தரப்பில் நெடுமாறனும், அவருக்கு முன்பின் தெரியாத பாவாடை என்பவரும்.

“நானும் வெறுங்கையோட வரலீங்க. கொல்லை நெலத்த வித்த காசு இது. இருவத்தெட்டு லட்சம்னுதான புரோக்கர் சொன்னாரு?” என்றார் பாவாடை.

“சொன்னாருங்க. ஆனா இவர் இருபத்தொம்பது தரேங்கிறாரே” என்று கமாலுதீன் கையை விரித்தார்.

“கேட்டுகினு வந்துடறேன்” என்று பாவாடை போனோடு வாசலுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் கமாலுதீன் நெடுமாறனின் தொடையில் கிள்ளினார். “நெடு, அழுகைய கொஞ்சம் கொறச்சிக்க. எனக்கே கண்ணு கலங்குது.”

நெடுமாறன் வீடு வாங்க வந்தவரே இல்லை. அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது.

சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிற நெடுமாறன், கமாலுதீன், அருண்ராஜ் மூவரும் கூட்டுச் சேர்ந்து, இடிந்து கிடந்ததை வாங்கிச் சரிபண்ணி லாபத்துக்கு விற்கக் கிளம்பியிருந்தார்கள். மனைவிமாரிடம் சொல்ல மூவருக்குமே தைரியம் இல்லாததால் பத்திரம் அருண்ராஜின் அண்ணன் பெயரில் இருந்தது. லீவு நாளிலெல்லாம் வந்து நின்று பூச்சு வேலை, டைல்ஸ் வேலை பார்த்தார்கள். சமையல் மேடைக்கு உயரம் கேட்ட கொத்தனாரிடம் நெடுமாறன், பழக்கதோஷத்தில் தன் மனைவி பொற்கொடியின் இடுப்பு உயரத்தைக் காட்டிவிட்டு, மேடை தாழ்ந்துபோனதற்காகக் கமாலுதீனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து நான்கு மாதம் ஆகியும் வந்தவர்களெல்லாம் “யோசிச்சு சொல்றோம்” என்று போனார்களே தவிர, திரும்பி வரவில்லை. “இன்னொரு பார்ட்டி போட்டிக்கு நின்னாத்தான் வாங்குறவனுக்கு வேகம் வரும்” என்று கேன்டீனில் கமாலுதீன் யோசனை சொன்னார். மூன்று பேரில் யாருக்குப் பாவப்பட்ட முகம் என்று பார்த்ததில் நெடுமாறன் போட்டியின்றித் தேர்வானார்.

நடிக்க அவர் சிரமப்படவே இல்லை. பொற்கொடி தினமும் சொல்வதைத்தான் அப்படியே எடுத்து விட்டார். “குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு எங்கங்க போவோம்?” என்று அவள் இரண்டு வருடமாகக் கேட்கிறாள். இவரோ “பாக்கலாம், பாக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே பி.எஃப். பணத்தை எடுத்து இதில் போட்டுவிட்டார்.

ரிட்டயர்மென்ட் கணக்கு வந்தால் குட்டு உடைந்துவிடும். அதற்குள் வீட்டை விற்றாக வேண்டும். இல்லாவிட்டால் பொற்கொடி முகத்தில் எப்படி விழிப்பது?

வாசலிலிருந்து பாவாடையின் குரல் கேட்டது. “அந்தாளு வுட மாட்டேங்கிறாரும்மா. அழுதுகினு இருக்காரு. சரி, ஏத்திக் கேக்கறேன்.”

உள்ளே வந்து, “முப்பது” என்றார்.

“முப்பதரை” என்றார் நெடுமாறன்.

மறுபடி வாசல், மறுபடி போன். பேசிக்கொண்டே பாவாடை சமையலறைக்குள் போய் நின்றார். “மேடைய ரொம்பத் தாழ்வா போட்டுட்டீங்க” என்று அங்கிருந்தே சொன்னார்.

கமாலுதீன் நெடுமாறனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

“பரவால்லீங்க, சமைக்கப் போறவங்களுக்கு அதான் புடிச்சிருக்குதாம். முப்பத்தொண்ணு. இதுக்கு மேல எங்களால முடியாதுங்க” என்றார் பாவாடை.

கமாலுதீன் இரண்டு முறை இருமினார். அது போதும் என்பதற்கான அடையாளம்.

“சரிங்க. எனக்குக் குடுப்பினை அவ்ளோதான்” என்று நெடுமாறன் எழுந்துகொண்டார். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியிருந்தது. கையில் பணம் வந்ததும் முதல் வேலையாகப் பொற்கொடிக்கு ஒரு நல்ல வீடு பார்த்துவிட வேண்டும் என்று மனதார முடிவு செய்தார்.

பாவாடைக்கு மனசு கேட்கவில்லை. “வருத்தப்படாதீங்கய்யா. வாங்குற பொண்ணு முக்குலதான் ஆட்டோல காத்துகினு இருக்குது. எங்க வூட்டம்மாவுக்கு சிநேகிதம். கொல்லைய வித்த காசும் அதோடதுதான். நான் சும்மா தொணைக்கு வந்தவன். அட்வான்ஸ அது கையாலயே குடுக்கட்டும்” என்று போன் போட்டார்.

ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கடைசிக் காட்சியில் சொதப்பிவிடக் கூடாது என்று நெடுமாறன் சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கினார். படியில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. கமாலுதீன் இருமினார். நிறுத்தாமல் இருமினார். இது எதற்கான அடையாளம் என்று நெடுமாறனுக்கு விளங்கவில்லை.

“இவருதாம்மா போட்டிக்கு நின்னவரு” என்று பாவாடை அறிமுகப்படுத்தி வைத்தார்.

ஒரு கை, நெடுமாறனின் முகத்திலிருந்து அவர் கைகளை விலக்கியது.

“ஏங்க, நம்ம வூட்டு வெலைய நீங்களா ஏத்திவுட்டீங்க?”