பாம்புப் புற்றைக் கட்டியவர்

மழைக்காலம் நெருங்கியபோது, வயல் வரப்பில் இருந்த எலி வளையின் கூரை பொலபொலவென்று உதிரத் தொடங்கியது. இன்ஜினீயர் வேண்டும் என்று எலித் தலைவர் அறிவித்துப் பத்து நாளாகியும் தகுதியான ஆள் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு கரையான் வந்தது. “நான் சரிபண்ணித் தர்றேன்.”

“இதுக்கு முன்னே என்ன கட்டியிருக்கே?”

“அதோ, அந்த மேட்டுப் புற்று. நானும் என் கூட்டத்தாரும் கட்டினது.”

தலைவர் அதை ஏற இறங்கப் பார்த்தார். “பொய் சொல்லாதே. அது பாம்புப் புற்று. ஊரே அப்படித்தான் சொல்லுது.”

கரையானை விரட்டிவிட்டுப் பாம்புக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாளே பாம்பு வந்தது. புற்றின் அடுக்குகளையும் காற்று வரும் வழிகளையும் அழகாக விவரித்தது. தலைவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர் மனைவி மூக்காயிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கணவரைத் தனியே அழைத்தாள்.

“ஏங்க, கட்டினவர்னா கையைக் காட்டச் சொல்லுங்களேன்.”

“பெரியவர்கிட்ட அப்படியா கேக்கறது? கிடைச்சிருக்கறதே ஒரு இன்ஜினீயர். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா?”

அதற்குள் பாம்பு வாசலை அடைத்துப் படுத்துக்கொண்டது. “அளவெடுக்கணும். எல்லாரும் உள்ளேயே இருங்க.”

மூக்காயி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்ப் பின்வழியாக வெளியே விட்டாள். கடைசிக் குட்டியையும் சேர்த்துவிட்டு வந்து கணவரைக் கூப்பிட்டாள். “நீங்களும் வாங்க.”

“நீ போ. முதல்ல என்னைத்தான் அளக்கணுமாம்” என்றார் தலைவர், பெருமையாக.