அரசு மரியாதை

“கலெக்டர் கார்லதான் வருவாங்களா?”

டாக்டர் பேனாவை நிறுத்தினார். மூளைச்சாவு என்றால் என்னவென்று அரை மணி நேரமாக விளக்கியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு இராஜாங்கம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“கார்லதான் வருவாங்க. உடல் உறுப்பு தானம் பண்றவங்களுக்கு அரசு மரியாதை உண்டு. மாலை வைப்பாங்க.”

“வீட்டுலயா, சுடுகாட்டுலயா?”

“அது நீங்க சொல்ற எடத்துல.”

“சுடுகாட்டுல வைக்கச் சொல்லுங்கம்மா.”

டாக்டர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று இராஜாங்கத்துக்குத் தெரிந்தது. நினைத்துக்கொள்ளட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் கனிமொழியின் மார்பு ஏறி இறங்கியது. மூச்சு இயந்திரத்துடையது. நர்சிங் மூன்றாம் வருடம். மன்னார்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்தபோது லாரி மோதிவிட்டது. தலையைத் தவிர வேறு எங்கும் ஒரு கீறல் இல்லை.

“எதெதைக் குடுக்குறீங்கன்னு குறிக்கணும். கண், இதயம், கல்லீரல், சிறுநீரகம். சிலதை மட்டும்கூடக் குடுக்கலாம்.”

“கொறச்சாக் குடுத்தா கலெக்டர் வர மாட்டாங்களா?”

“அப்படியெல்லாம் இல்லைங்க.”

“எல்லாத்தையும் எடுத்துக்குங்க” என்று கையெழுத்துப் போட்டார்.

மனைவி அம்சமும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தாளைக் கையில் வாங்கவில்லை.

“கலெக்டரு கார பாக்கத்தான் பொண்ணக் குடுக்குறியா?”

“அந்தக் காரு வரப்புல போவாது அம்சம்.”

அவள் நிமிர்ந்தாள்.

ஊருக்குத் தெற்கே காலனி. வடக்கே காலனிக்காரர்களின் சுடுகாடு. இரண்டுக்கும் நடுவில் மேலத்தெரு. வண்டி போகும் ரோடு அந்தத் தெருவுக்குள்தான் போகிறது. காலனிப் பிணம் மட்டும் அதில் போனதில்லை. மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், தாலுகா ஆபீசில் ஏழு முறை சமாதானக் கூட்டம் நடந்தது. “வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. தெருவ மட்டும் கேக்காதீங்க” என்று ஏழு முறையும் நாகநாதன் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மேலத்தெருவின் பெரிய தலை. பிணம் போகும் வரப்பின் இரு பக்கமும் அவருடைய வயல்தான்.

“எங்கம்மாவத் தூக்கிட்டுப் போனப்ப வரப்பு வழுக்கி பாடையோட வாய்க்கால்ல விழுந்துச்சே, மறந்துட்டியா? சேத்த அலம்பிட்டுத்தான் கொள்ளி வச்சேன். இவளும் அப்புடித்தான் போவணுமா?”

“அதுக்கு? பொண்ண அறுத்துக் குடுத்துதான் வழி வாங்கணுமாய்யா?”

“வேற எதக் குடுத்தும் வாங்க முடியலயே.”

 அம்சம் தாளுக்காகக் கையை நீட்டினாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வண்டி கனிமொழியைக் காலனிக்குக் கொண்டுவந்தது. போலீஸ் சீருடையில் நான்கு பேர் வண்டிக்குள் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். அவள் இதயம் சென்னையில் யாருக்கோ துடிப்பதாக டிவியில் சொன்னார்களாம்.

தம்பி மகன் அன்பரசன் சைக்கிளில் வந்து இறங்கினான். மேலத்தெருவைப் பார்த்துவிட்டு வரத்தான் இராஜாங்கம் அவனை அனுப்பியிருந்தார்.

“பெரியப்பா, தெருவக் கூட்டி தண்ணி தெளிச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரு. கல்யாண ஊடு தோத்துப் போவும்.”

“நாகநாதன்?”

“வெள்ள வேட்டி, தோள்ல துண்டு. வாசல்ல நின்னு கும்புட ரெடியா இருக்காரு. அவரு ஆளுங்க மூணு பேருதான் வயல்ல நிக்கிறானுவோ. வரப்போரமா மடையத் தொறந்து தண்ணிய வடிக்கிறானுவோ.”

“இன்னிக்கா?”

“ஆமா. முறைத் தண்ணி நேத்துதான் வந்துச்சு. பத்து நாளு காஞ்ச பயிருல நின்ன தண்ணிய எவனாச்சும் வடிப்பானா? கலெக்டரு வர்ற பயத்துல புத்தி கலங்கிருச்சு போல.”

யாரோ சிரித்தார்கள். இராஜாங்கத்துக்கும் உதடு அசைந்தது. மூன்று நாளில் முதல் முறை.

குளிப்பாட்ட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தையல் பிரிந்துவிடுமாம். அம்சம் நெற்றியில் பொட்டு மட்டும் வைத்தாள். மூடிய இமைகள் உள்ளே வாங்கியிருந்தன. பொட்டு விலகிப் புருவத்தில் விழுந்தது.

“தெரு வழியாப் போறடி தங்கம்” என்று மகளின் காதில் சொன்னாள்.

வி.ஏ.ஓ. பைக்கை நிறுத்திவிட்டு வேகமாக வந்தார். நல்ல மனிதர். வழி கேட்டு எழுதிய மனுக்களில் பாதி அவர் எழுதிக் கொடுத்தவை. இராஜாங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“அண்ணே, கலெக்டர் மேடம் கெளம்பிட்டாங்க. மேலத்தெரு வழியா நேரா சுடுகாட்டுக்கு வர்றாங்க. தெருவுல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. எந்தப் பிரச்சினையும் இல்ல.”

இராஜாங்கம் அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருபது வருடமாகக் காத்திருந்த சொல். திரும்பி அன்பரசனிடம், “புள்ளைய வண்டில ஏத்துங்கடா” என்றார்.

வி.ஏ.ஓ. கையை விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“வண்டி வேணாம்ணே. மேடத்தக் காக்க வைக்காம, வயல் வழியா கொஞ்சம் வெரசாத் தூக்கிட்டு வந்துருங்க.”