புரட்டாசிக் கவாத்து

கொளஞ்சிநாதன் ஓங்கி வெட்டுகிறான். அரிவாள் ரோஜாக் கொடியை அறுத்துக்கொண்டு போய் அடியில் கிடக்கும் பீங்கான் சில்லில் மோதிக் கணீரென்கிறது. உச்சி வெயிலிலும் பொறி தெறிப்பது தெரிகிறது. செத்துப்போன அண்ணன் வீட்டுக்கும் தம்பி கொளஞ்சிநாதன் வீட்டுக்கும் நடுவில் உள்ள துண்டு நிலம் இது. பீங்கான் சூளையில் உடைந்த கப்பும் சாசரும் கொட்டிக் கொட்டிப் புல்கூட முளைக்காமல் கிடந்தது. அண்ணன் பெண்டாட்டி செல்வநாயகிதான் அதில் ஒரே ஒரு படர் ரோஜாக் குச்சியை ஊன்றினாள். அது உரமும் கேட்கவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. மூன்றே வருடத்தில் தரையோடு தரையாக ஊர்ந்து கொழுந்தன் வாசல்வரை பூத்துவிட்டது.

"எங்க அண்ணன் செத்ததோட உன் பாத்தியதையும் போச்சு. முள்ள வுட்டு எடத்தையா வளைக்கிற?"

மறுபடியும் வெட்டு. முள் அவன் முழங்கையைக் கிழித்து, ரத்தம் வெள்ளைச் சில்லுகளின்மேல் சொட்டுகிறது. "போதுங்க, உள்ள வாங்க" என்று அவன் மனைவி துர்கா கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவளுக்குப் பின்னால் கலர் டிவியில் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

எதிரே நிற்கும் செல்வநாயகி அழவில்லை. குனிந்து, வெட்டுப்பட்ட தண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் ஒட்ட வெட்டு தம்பி. மழைக்கு முன்னால நானே வெட்டிக் கவாத்து பண்ணணும்னு இருந்தேன். இப்படி வெட்டுனாத்தான் தைக்குள்ள கொடி உன் வூட்டு வாசப்படி ஏறும்."

ஓங்கிய அரிவாள் அப்படியே நிற்கிறது. கொளஞ்சிநாதன் கொடியை விட்டு நிமிர்ந்து, அடுத்த வெட்டுக்கு இடம் தேடுகிறவன்போல முதல் தடவையாக அவள் கழுத்தைப் பார்க்கிறான்.